விமானியின் கைக்கு எந்தக் கருவி?

விமானம் ஓட்டுவது என்றதும் பலருக்கும் நினைவுக்கு வருவது, விமானி பிடித்திருக்கும் கட்டுப்பாட்டுக் கோல்தான். ஆனால், விமானியின் வேலையில் பெரும்பகுதி தகவல்களைக் கையாள்வதாகும். இறங்கப்போகும் நிலையத்தின் ஓடுபாதை எவ்வளவு நீளம், அங்குக் காற்று எந்தத் திசையில் வீசுகிறது, கட்டுப்பாட்டுக் கோபுரத்துடன் எந்த வானொலி அலைவரிசையில் பேசவேண்டும், மீதமுள்ள எரிபொருள் எவ்வளவு நேரத்துக்குப் போதும் என்பன போன்ற கேள்விகளுக்கு அவரிடம் உடனே விடை இருக்கவேண்டும். சாலையில் செல்லும் ஓட்டுநர் வழி தெரியாவிட்டால் வாகனத்தை ஓரமாக நிறுத்திவிட்டு யோசிக்கலாம். வானத்தில் ஓரம் என்று ஒன்று இல்லை.

இதனால்தான், தகவல்களைச் சேர்த்து வைக்கும் கையடக்க மின்னிலக்கக் கருவிகள் கடைக்கு வந்தபோது விமானிகள் பலர் அவற்றை ஆர்வத்துடன் வாங்கினர். எந்தக் கருவியை வாங்குவது என்ற கேள்வியும் கூடவே எழுந்தது. வண்ணத்திரை உள்ளதா, நினைவகம் பெரியதா, வேகம் அதிகமா என்று பார்த்து வாங்குவதே பொதுவான வழக்கம். விமானிக்கு இந்த வழக்கம் போதாது. ஒரு கருவி எத்தனை வேலைகளைச் செய்யும் என்பதைவிட, தேவைப்படும் நொடியில் அது தவறாமல் உதவுமா, உதவாமல் போனால் என்ன செய்வது என்ற இரண்டு கேள்விகளே அவருக்கு முதன்மையானவை.

விமானிக்கும் கைக்குறிப்பேட்டுக்கும் உள்ள உறவு மின்னிலக்கக் கருவிகளுக்கு மிகவும் முந்தியது. 1930களில் அமெரிக்காவில் அஞ்சல் விமானம் ஓட்டியவர் எல்ரி ஜெப்பசன். அக்காலத்தில் விமானிகளுக்கென முறையான வரைபடங்கள் இல்லை. சாலை வரைபடங்களைப் பார்த்தும் இரயில் தண்டவாளங்களைப் பின்தொடர்ந்தும் பறந்தனர். மோசமான வானிலையில் மலைகளில் மோதி உயிரிழந்தவர்கள் பலர். ஜெப்பசன் பத்துக் காசு கொடுத்து ஒரு சிறிய கறுப்புக் குறிப்பேட்டை வாங்கினார். ஓடுபாதைகளின் நீளம், சுற்றியுள்ள குன்றுகளின் உயரம், அவசரத்துக்குத் தொடர்புகொள்ளக்கூடிய விவசாயிகளின் தொலைபேசி எண்கள் ஆகியவற்றை அதில் குறித்து வைத்தார். உயரமானியை எடுத்துக்கொண்டு குன்றுகளில் ஏறித் தாமே அளந்தும் பார்த்தார். மற்ற விமானிகள் அக்குறிப்புகளின் படிகளைக் கேட்கத் தொடங்கினர். 1934இல் அவர் அவற்றைப் பத்து டாலருக்கு விற்கலானார். இன்று உலகெங்கும் விமானிகள் பயன்படுத்தும் வரைபடங்கள் பலவற்றில் அவருடைய பெயர் இருப்பதற்கு அந்தச் சிறிய குறிப்பேடே தொடக்கம்.

அந்தக் குறிப்பேடு ஏன் வெற்றி பெற்றது? அது சட்டைப் பையில் அடங்கியது. திறந்தவுடன் வேண்டிய பக்கம் கிடைத்தது. அதிலிருந்த தகவல் நேரில் சரிபார்க்கப்பட்டது. இம்மூன்று பண்புகளையும் மனத்தில் வைத்துக்கொண்டால், பின்னாளில் வந்த மின்னிலக்கக் கருவிகளை மதிப்பிடுவது எளிது.

1996இல் ‘பைலட்’ என்னும் பெயருடன் ஒரு கையடக்க மின்னிலக்கக் குறிப்பேடு அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தது. பெயர்தான் விமானியே தவிர, அது விமானிகளுக்காகச் செய்யப்பட்டதன்று. நாள்காட்டி, முகவரிகள், செய்யவேண்டிய வேலைகளின் பட்டியல் ஆகியவற்றை வைத்துக்கொள்வதற்காக அலுவலகத்தினருக்கென்று உருவாக்கப்பட்டது. அதே பெயருடைய பேனா நிறுவனம் ஒன்று வழக்குத் தொடுத்ததால், பின்னர் ‘பாம்’ என்ற பெயர் மட்டுமே அதற்கு நிலைத்தது. அதை உருவாக்கிய ஜெஃப் ஹாக்கின்ஸ் கையாண்ட முறை குறிப்பிடத்தக்கது. கருவியைச் செய்வதற்கு முன்பே, அதே அளவில் ஒரு மரக்கட்டையை வெட்டிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். கூட்டங்களில் யாராவது ஒரு தேதியைக் கேட்டால், அந்த மரக்கட்டையை எடுத்து, அதில் பார்ப்பதுபோல் பாவனை செய்தார். பையில் அடங்குகிறதா, கையில் பிடிக்க வசதியாக உள்ளதா என்பதை இவ்வாறு அறிந்த பின்னரே உள்ளே என்ன வைப்பது என்று முடிவெடுத்தார். பயன்படுத்தும் சூழலை முதலில் பார்த்துவிட்டுக் கருவியைத் தீர்மானிக்கும் இந்த வழி விமானிக்கும் பொருந்தும்.

சிறிய விமானங்களை ஓட்டியவர்கள் இக்கருவியில் தங்களுக்கு வேண்டியவற்றைச் சேர்த்துக்கொண்டனர். பறந்த நேரத்தைக் குறிக்கும் பதிவேடு, புறப்படுமுன் சரிபார்க்கவேண்டிய பட்டியல், எரிபொருள் கணக்கு, விமானத்தில் ஏற்றிய எடை சமநிலையில் உள்ளதா என்று கணக்கிடும் மென்பொருள் எனப் பலவும் அதில் இடம்பெற்றன. முன்பு கால் மணி நேரம் தாளில் போட்டுப் பார்த்த கணக்கு, சில நொடிகளில் முடிந்தது.

2000ஆம் ஆண்டில் போட்டி சூடுபிடித்தது. மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தின் மென்பொருளில் இயங்கிய ‘பாக்கெட் பிசி’ வகைக் கருவிகள் வந்தன. அவற்றில் வண்ணத்திரை இருந்தது, வேகமும் அதிகம். அதே ஆண்டு மே மாதத்தில், ஜிபிஎஸ் எனப்படும் செயற்கைக்கோள் இடங்காட்டியின் துல்லியத்தைப் பொதுமக்களுக்கு வேண்டுமென்றே குறைத்து வழங்கும் முறையை அமெரிக்க அரசு கைவிட்டது. ஏறக்குறைய நூறு மீட்டர்வரை இருந்த பிழை பெருமளவு குறைந்தது. கையடக்கக் கருவியுடன் இடங்காட்டியை இணைத்தால், விமானம் நகர நகர வரைபடமும் திரையில் நகர்ந்தது. பார்த்தவர்கள் வியந்தனர். ‘பாம்’ போதுமா, ‘பாக்கெட் பிசி’ வேண்டுமா என்ற விவாதம் விமானிகளிடையே தொடங்கியது.

கடையில் வைத்துப் பார்த்தால் இரண்டாவது வகையே சிறந்தது. முதல் வகையின் தொடக்கக்காலத் திரை 160க்கு 160 புள்ளிகள் கொண்டது, வண்ணமும் இல்லை. இரண்டாவது வகையின் திரையோ 240க்கு 320 புள்ளிகள் கொண்டது. வரைபடம் தெளிவாகத் தெரியும். ஆனால், விமானி கருவியைப் பயன்படுத்தப்போவது கடையின் குளிர்ந்த அறையில் அன்று. ‘ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது’ என்பார்கள். பெட்டியின்மேல் அச்சிட்டுள்ள சிறப்புகள் விமானி அறையில் உதவுகின்றனவா என்று பார்க்கவேண்டும்.

முதலில் பார்க்கவேண்டியது ஒளி. மேகங்களுக்கு மேலே வெயில் கடுமையாக இருக்கும். கண்ணாடி வழியாகத் திரையின்மேல் நேரே விழும் வெயிலில் பல வண்ணத்திரைகள் மங்கிப்போயின. எளிய கறுப்பு வெள்ளைத் திரையோ வெயிலில் நன்றாகவே தெரிந்தது. இரவில் நிலைமை நேர்மாறானது. இருட்டுக்கு முழுமையாகப் பழகக் கண்களுக்கு ஏறத்தாழ அரை மணி நேரம் தேவைப்படும். பளிச்சென்று எரியும் திரையை ஒருமுறை பார்த்தால் அந்தப் பழக்கம் கெட்டுவிடும். வெளியே உள்ள விளக்குகளையும் மற்ற விமானங்களையும் காண்பது கடினமாகும். ஆகவே, வெயிலில் தெரியக்கூடியதும், இரவில் மிகக் குறைந்த ஒளிக்கு மாற்றக்கூடியதுமான திரைதான் விமானிக்கு ஏற்றது. வண்ணம் அதற்குப் பிறகே.

இரண்டாவது, கையாளும் எளிமை. விமானியின் ஒரு கை எப்போதும் கட்டுப்பாட்டுக் கோலில் இருக்கும். காற்றுக் கொந்தளிப்பில் சிறிய விமானம் குலுங்கும்போது, மெல்லிய குச்சியால் திரையில் உள்ள சின்னஞ்சிறு பொத்தானைத் தொடுவது எளிதன்று. வேண்டிய தகவலைப் பெற ஆறு முறை தொடவேண்டிய கருவியைவிட, இரண்டு முறை தொட்டால் போதும் என்ற கருவியே மேலானது. தொடையில் பட்டையால் கட்டிவைக்கும் அளவுக்கு அது சிறியதாகவும் இருக்கவேண்டும். கீழே விழுந்த கருவியை எடுக்கக் குனியும் விமானி, அந்தச் சில நொடிகளுக்கு விமானத்தைப் பார்ப்பதில்லை.

மூன்றாவது, மின்சாரம். தொடக்கக்கால ‘பாம்’ கருவிகள் இரண்டு சிறிய மின்கலங்களில் பல வாரங்கள் இயங்கின. அம்மின்கலங்கள் மூலைக்கடையிலும் கிடைத்தன. வண்ணத்திரைக் கருவிகளோ சில மணி நேரத்தில் மின்சாரத்தைத் தீர்த்துவிட்டன. மீண்டும் மின்னேற்றம் செய்யவேண்டியிருந்தது. அக்காலக் கருவிகளில் இன்னொரு சிக்கலும் இருந்தது. பயனர் சேமித்த தகவல்கள், மின்சாரம் இருக்கும்வரை மட்டுமே நிலைக்கும் நினைவகத்தில் இருந்தன. மின்கலம் முற்றிலும் தீர்ந்துபோனால் தகவல்கள் அனைத்தும் அழிந்துவிடும். வீட்டுக் கணினியில் ஒரு படி இருக்கலாம். ஆனால், வீட்டுக் கணினி தரையில் இருக்கிறது. இந்த ஒரு காரணத்துக்காகவே, அக்காலத்தில் நீண்ட பயணம் சென்ற விமானிக்கு எளிய கருவி அழகிய கருவியைவிடப் பொருத்தமாக இருந்தது எனலாம்.

நான்காவது, தகவலின் புதுமை. உலகெங்கும் விமானப் போக்குவரத்துத் தகவல்கள் 28 நாளுக்கு ஒருமுறை என்ற சுழற்சியில் புதுப்பிக்கப்படுகின்றன. ஓர் அலைவரிசை மாறியிருக்கலாம். ஓடுபாதையின் அருகே புதிய கோபுரம் எழுந்திருக்கலாம். பழைய தகவலைத் துல்லியமான வண்ணப்படமாகக் காட்டும் கருவி, தகவலே இல்லாத கருவியைவிட ஆபத்தானது. தகவல் இல்லாதபோது விமானி எச்சரிக்கையாக இருப்பார். தவறான தகவலை நம்பும்போது அந்த எச்சரிக்கை உணர்வு போய்விடும். எனவே, கருவியின் விலையைக் கேட்பவர், அதிலுள்ள தகவல்களைத் தொடர்ந்து புதுப்பிக்க ஆகும் செலவையும் உழைப்பையும் கேட்கவேண்டும்.

இவை எல்லாவற்றையும்விட முக்கியமானது கவனம். 2009 அக்டோபரில், சான் டியாகோவிலிருந்து மினியாபொலிஸ் சென்ற பயணிகள் விமானம் ஒன்று, இறங்கவேண்டிய நகரத்தைத் தாண்டி ஏறத்தாழ 240 கிலோமீட்டர் பறந்துவிட்டது. ஒரு மணி நேரத்துக்கும் மேலாகத் தரைக்கட்டுப்பாட்டினரால் விமானிகளுடன் பேச முடியவில்லை. விமானிகள் இருவரும் தங்கள் மடிக்கணினிகளைத் திறந்து, பணி அட்டவணை முறையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்ததாக விசாரணையில் தெரியவந்தது. நல்லவேளையாக விமானம் பத்திரமாகத் தரையிறங்கியது. மடிக்கணினிகளில் எந்தப் பழுதும் இல்லை. அவை நன்றாக வேலை செய்தன. அதனால்தான் இருவரின் கண்களையும் பிடித்து வைத்திருந்தன. 2014இல் அமெரிக்க அரசு, விமான நிறுவனங்களின் விமானிகள் பணிநேரத்தில் சொந்தத் தேவைக்கு இத்தகைய கருவிகளைப் பயன்படுத்தத் தடை விதித்தது. எனவே, ஒரே கருவியில் மின்னஞ்சலும் விளையாட்டும் இசையும் இருப்பது விமானிக்கு நன்மையா என்று கேட்டால், இல்லை என்பதே நேர்மையான விடை.

அப்படியானால் மின்னிலக்கக் கருவியே வேண்டாம், தாளே போதும் என்று சிலர் வாதிடலாம். தாளுக்கு மின்சாரம் வேண்டாம். அது திடீரென்று அணைந்துபோகாது. காற்றின் வேகத்தையும் எரிபொருளையும் கணக்கிட உதவும் வட்ட வடிவக் கணிப்பான் ஒன்று, இரண்டாம் உலகப் போர்க் காலத்திலிருந்து இன்றுவரை பயிற்சி விமானிகளிடம் புழங்கிவருகிறது. அதில் மின்கலமே இல்லை. இவ்வாதத்தில் உண்மை உண்டு. ஆயினும், தாளுக்கும் குறைகள் உள்ளன. 28 நாளுக்கு ஒருமுறை பழைய தாள்களை எடுத்துவிட்டுப் புதியவற்றைச் செருகும்போது ஒரு பக்கம் தவறினாலும் தவறான தகவலே மிஞ்சும். எடையும் பெரிது. 2011இல் அமெரிக்காவின் யுனைட்டெட் விமான நிறுவனம் தன் விமானிகளுக்கு 11,000 தட்டைக் கணினிகளை வழங்குவதாக அறிவித்தது. ஒவ்வொரு விமானியும் சராசரியாக 12,000 தாள்களைச் சுமந்து வந்ததாகவும், அவற்றின் எடை ஏறத்தாழ 17 கிலோகிராம் என்றும் அது கூறியது. அந்தச் சுமையை 700 கிராமுக்கும் குறைவான எடையுள்ள ஒரு கருவி ஏற்றுக்கொண்டது. தாளின் எடை குறைந்தால் எரிபொருளும் மிச்சமாகும். தேடும் நேரமும் குறையும். இந்த நன்மையை மறுப்பது சரியன்று.

ஆனால், தாளை விட்டவர்கள் புதிய வகைத் தவறுகளுக்கும் தயாராக இருக்கவேண்டும். 2015 ஏப்ரலில், அமெரிக்காவின் மற்றொரு பெரிய நிறுவனத்தில், வரைபடங்களைக் காட்டும் செயலி பல விமானிகளின் தட்டைக் கணினிகளில் ஒரே நேரத்தில் செயலிழந்தது. பல விமானங்கள் தாமதமாயின. சில விமானங்கள் இணைய இணைப்பைப் பெறுவதற்காக நிலையத்தின் வாயிலுக்கே திரும்பவேண்டியிருந்தது. இங்கு ஓர் உண்மை புலப்படுகிறது. ஒரு விமானியின் தாள் கிழிந்தால் அவருக்கு மட்டுமே சிரமம். ஒரே செயலியை எல்லாரும் நம்பியிருந்தால், அதில் ஏற்படும் ஒரு பிழை எல்லாரையும் ஒன்றாக நிறுத்திவிடும். இரண்டு கருவிகளை வைத்துக்கொண்டாலும், இரண்டிலும் அதே செயலிதான் என்றால் மாற்று ஏற்பாடு பாதிதான் செய்ததாகும்.

வெப்பமும் ஒரு சோதனைதான். பரவலாகப் பயன்படும் ஐபேட் கருவி, 35 பாகை செல்சியஸ் வரையிலான சூழலில் இயங்குவதற்கென்றே வடிவமைக்கப்பட்டது. மலேசியா, சிங்கப்பூர் போன்ற வெப்ப நாடுகளில் நண்பகல் வெயிலில் நிறுத்திவைத்த சிறிய விமானத்தின் உள்ளே அந்த அளவு எளிதில் கடந்துவிடும். அதிகம் சூடான கருவி தன்னைக் காத்துக்கொள்ளத் தானே அணைந்துவிடும். அது கருவிக்கு நல்லது. அந்நேரத்தில் ஓடுபாதையைத் தேடிக்கொண்டிருக்கும் விமானிக்கு நல்லதன்று. குளிர்நாட்டு விமானி ஒருவர் பாராட்டிய கருவி இங்குள்ள பயிற்சி விமானிக்கும் அப்படியே பொருந்தும் என்று சொல்ல முடியாது.

ஆகவே, கையடக்கக் கருவியை வாங்க நினைக்கும் விமானி, கடைக்குச் செல்லுமுன் தம் பயணத்தை ஒருமுறை மனத்தில் ஓட்டிப் பார்ப்பது நல்லது. எந்தக் கட்டத்தில் எந்தத் தகவல் தேவைப்படும், அப்போது எந்தக் கை ஓய்வாக இருக்கும், வெளிச்சம் எப்படி இருக்கும் என்று எழுதிக்கொள்ளவேண்டும். அந்தப் பட்டியலை நிறைவேற்றும் கருவிகளுள் மிக எளியதைத் தேர்ந்தெடுக்கவேண்டும். தரையில் அதைப் பலமுறை பயன்படுத்தி விரல்களைப் பழக்கியபின் வானத்துக்கு எடுத்துச் செல்லவேண்டும். இறுதியாக, அது பறக்கும்போதே அணைந்துவிட்டது என்று வைத்துக்கொண்டு, அடுத்து என்ன செய்வது என்பதற்கு விடை வைத்திருக்கவேண்டும். முக்கியமான அலைவரிசைகளும் ஓடுபாதை விவரங்களும் எழுதிய ஒரு தாள் சட்டைப் பையில் இருந்தால் அதுவே போதுமான விடையாகலாம்.

மாணவர்கள் பலர் விமானி ஆகப்போவதில்லை. எனினும், பாடத்துக்கென்று ஒரு கருவியைத் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பு ஒவ்வொருவருக்கும் வருகிறது. தேர்வுக்கு முந்திய இரவில் குறிப்புகள் அனைத்தும் ஒரே திறன்பேசியில் இருக்க, அது உயிர்ப்பிக்க மறுத்தால் என்ன ஆகும் என்று எண்ணிப் பார்த்தவர்கள் சிலரே. புதிதாக வந்த கருவியில் கூடுதலாக என்ன இருக்கிறது என்று விளம்பரங்களே சொல்லிவிடும். தனக்கு எது தேவை என்பதை வாங்குபவர்தான் சொல்லவேண்டும். அதைத் தெளிவாகச் சொல்லத் தெரிந்தவருக்கு மலிவான கருவியும் நன்றாகப் பயன்படும். சொல்லத் தெரியாதவருக்கு விலையுயர்ந்த கருவியும் கையில் ஒரு சுமையாகவே இருக்கும்.